நல்லடக்கம், இரண்டாம் பாகம்

டென்மார்க்கின் சில்க்போர்க்கிலும் அதன் சுற்றுவட்டத்திலும் இருபது வருடமாக நடந்த தமிழ்க் கலியாண வீடியோக்களைப் போட்டுப் பார்த்தால், பந்தியில் பாயாசம் வரவில்லை என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருந்தவர் வரைக்கும் எல்லாரும் இருப்பார்கள். தேவகுமாரைத்தான் காணமுடியாது. எடுத்தவர் அவர்.

கிழமை நாட்களில் அவர் கதவு, யன்னல் செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்துவார். சனி, ஞாயிறு வந்தால் கமெராவைத் தூக்கிவிடுவார். 'வீடியோ தேவன்' என்றால் ஒடென்சேயிலும் தெரியும், இஷொயிலும் தெரியும். எங்கள் சனத்துக்கு வீடியோ எடுப்பது லேசான வேலை இல்லை. தாலி கட்டுவதைக் கோட்டைவிட்டாலும் மன்னிப்பார்கள், ஒரு மேசையைக் கோட்டைவிட்டால் மன்னிக்கமாட்டார்கள். ஒடென்சேயில் ஒரு கலியாணத்தில் கடைசி மேசையை வேறு யாரோ ஒரு வீடியோக்காரர் விட்டுவிட்டார். அந்த மேசையில் இருந்த மாமியார் பகுதி எட்டு வருடம் பொம்பிளை வீட்டோடு கதைக்கவில்லை. தேவகுமார் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. ஜுட்லாந்து மழையில் நனைந்து நடுங்கிய மாப்பிள்ளை பொம்பிளையைத் தாஜ்மகாலுக்கு முன்னால் நிற்பதுபோலச் செய்து தரச் சொன்னார்கள். சிரிக்காமல் செய்து கொடுத்தார்.

ஒவ்வொரு கலியாணத்திலும் யாராவது கேட்பார்கள்: "தேவன் அண்ணை, உங்களுக்கு எப்ப?"

"எனக்கு ஆர் வீடியோ எடுக்கிறது?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அந்த ஒரு பகிடியை வைத்தே அவர் நாற்பத்துமூன்று வயது வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டார்.

பதினேழு வயதிலேயே தன் கண் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். கண்ணை ஆராவது பிடித்துவிடுவார்கள் என்ற பயமும் அன்றைக்கே தொடங்கிவிட்டது. கமெராவுக்குப் பின்னால் அந்தப் பயம் இல்லை. வீடியோக்காரன் யாரைப் பார்க்கிறான் என்று எவரும் கேட்பதில்லை, அது அவன் தொழில். ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒருவகைப் பட்டினிதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

2009 பெப்ரவரியில் அவருடைய தாய் தவமணி இறந்துபோனார். பதினைந்து வருடமாக மகனோடு அதே வீட்டில் இருந்தவர். செத்தவீட்டுக்கும் வீடியோ வேண்டும். கனடாவில் இருப்பவர்கள், ஊரில் இருப்பவர்கள் வரமுடியாது. அவர்களுக்கு முகத்தைக் காட்டவேண்டும், மலர்வளையங்களில் எழுதியிருக்கும் பெயர்களைக் காட்டவேண்டும், யார் யார் மண் போட்டார்கள் என்று காட்டவேண்டும். கமெராவை வேறொருவரிடம் கொடுக்கும்படி சபைப் போதகர் சொன்னார்.

"வேற ஆள் எடுத்தால் ஆடும், பாஸ்டர்," என்று சொல்லிவிட்டுத் தேவகுமாரே எடுத்தார். பெட்டியை இறக்கும்போதும் கை ஆடவில்லை.

டொரொன்டோவில் இருக்கும் தங்கை மார்கிரட்டுக்கு அப்போது எட்டு மாத வயிறு. விமானம் ஏற விடவில்லை. அவள் டிவிடி கிடைத்த அன்று தொலைபேசி எடுத்தாள்.

"எல்லாரும் நிக்கினம், அண்ணா. நீங்கள் எங்கை?"

"நான்தானே பிள்ளை எடுத்தனான்."

"அம்மான்ரை செத்தவீட்டிலையும் நீங்கள் இல்லையோ?"

அவர் பார்சல் வந்து சேர எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டுக் கதையை மாற்றினார்.

ஏப்ரல் நடுவில் யேசுரட்ணம் வந்தார். குருநகரில் பிறந்து, லண்டனில் வளர்ந்தவர். ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த தமிழர்களைப் பற்றி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். டென்மார்க்கில் எல்லா வீட்டுக் கதவும் திறக்கக்கூடிய ஓர் ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. யாரைக் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். முதல் நாளே எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்: லண்டனில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். வன்னியில், சண்டைக்குள், தம்பியும் தம்பி குடும்பமும்.

தேவகுமார் ஐந்து கிழமை லீவு போட்டார். அத்தனை வருடத்தில் அவர் கேட்ட முதல் நீண்ட லீவு அது. இருவரும் தேவகுமாரின் வான் வண்டியில் ஒடென்சேக்கும், கடலுக்கு மேலான பெரிய பாலத்தைக் கடந்து இஷொயிக்கும் போய் வந்தார்கள். யேசுரட்ணத்தின் கேள்வி எல்லாரிடமும் ஒன்றுதான்: "வந்த முதல் நாளைச் சொல்லுங்கோ." ஆனால் அந்த நாட்களில் முதல் நாளைப் பற்றிக் கதைக்க யாருக்கு மனம் இருந்தது? பாதிக் கதையில் தொலைபேசி அடிக்கும். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒடென்சே அம்மா ஒருவர், வேலை உடுப்போடு கதிரை நுனியில் இருந்து, "சேர்ச்சடியிலை ஷெல் விழுந்ததாம்" என்று சொன்னார். சொன்னதோடு அழத் தொடங்கிவிட்டார். யேசுரட்ணம் கமெராவை நிறுத்திவிட்டு, எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

தேவகுமாருக்கு அது புதிது. அழுகிற முகம் கிடைத்தால் கிட்டப் போகவேண்டும் என்பதுதான் அவர் படித்த தொழில். கமெராவை நிறுத்துகிற வீடியோக்காரனை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

எடுத்ததைத் தேவகுமார் வீட்டுச் சாமான் அறையில் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் ஒடென்சே அம்மாவின் ஒலியைக் கேட்க ஒரே ஒரு சோடிக் காதுக்கருவிதான் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கமாகக் காதில் வைத்துக்கொண்டு நெருங்கி இருந்தார்கள். அந்த அம்மா பேச்சை நிறுத்திய இடத்தில், மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், யேசுரட்ணத்தின் கை தேவகுமாரின் கையைப் பிடித்தது. ஆறுதலுக்குப் பிடித்த கை. ஆறுதல் முடிந்த பிறகும் அது எடுபடவில்லை.

"நான் எடுக்கவோ?" என்று யேசுரட்ணம் கேட்டார்.

"வேண்டாம்," என்றார் தேவகுமார். தன் வாயால் அந்தச் சொல் வந்தது அவருக்கே நம்பமுடியவில்லை.

அன்றிலிருந்து இருவரும் 'நீங்கள்' விட்டு 'நீர்' போட்டுக் கதைக்கத் தொடங்கினார்கள். சமைத்தார்கள், வானில் போனார்கள், வந்தார்கள். ஊரில் சனம் பதுங்குகுழிக்குள் கஞ்சி இல்லாமல் கிடந்த ஒரு நாளில் தேவகுமார் கடைக்குப் போய் ஒரு நீலச் சட்டை வாங்கினார். காசு கொடுக்கும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியில் வந்து வானுக்குள் இருந்து அழுதார். அழுதுவிட்டு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். சந்தோஷம் நேரம் பார்த்து வருவதில்லை. அது வந்த நேரத்துக்காக அவர் தன்னை அதற்குப் பிறகு கனகாலம் மன்னிக்கவில்லை.

தவமணியின் செத்தவீட்டு டிவிடியை யேசுரட்ணம் ஒருநாள் முழுவதுமாகப் பார்த்தார். மார்கிரட் கேட்டதையே அவரும் கேட்டார்: "நீர் எங்கை?" மறுநாள், மே பன்னிரண்டாம் திகதி, ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீலச் சட்டையோடு தேவகுமாரைப் புல்லில் இருத்தி, கமெராவைத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

கமெராவுக்கு முன்னால் இருக்கத் தேவகுமாருக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று கேட்டார். வெளிச்சம் பின்னால் இருக்கிறது, இந்தப் பக்கம் வந்து நில்லும் என்று எடுக்கிறவருக்கே பாடம் எடுத்தார். பிறகு மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினார். எண்பத்தாறாம் ஆண்டு, கோபன்ஹேகன் விமானநிலையம். பாஸ்போர்ட்டை விமானத்துக் கக்கூசில் கிழித்துப் போடச் சொல்லி ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். எல்லாவற்றையும் கிழித்துவிட்டார். தன் படத்தைக் கிழிக்க மட்டும் மனம் வரவில்லை. சப்பாத்துக்குள் ஒளித்துக்கொண்டு இறங்கினார். அதிகாரி சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, படத்தை எடுத்துப் பார்த்து, தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பிறகு நான் ஒரு படத்திலையும் வடிவாய் நிண்டதில்லை," என்று சொல்லி முடித்தார்.

ஆறு நாளில் எல்லாம் முடிந்தது. தொலைக்காட்சியில் சண்டை முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். இஷொயில் ஆண்கள் வீட்டுக்கு வெளியில் இறங்கி நின்று அழுதார்கள். தேவகுமாரும் யேசுரட்ணமும் குசினியில் தொலைபேசியை மேசை நடுவில் வைத்துக்கொண்டு காவல் இருந்தார்கள். மூன்றாம் நாள் அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவர் மூலம் தகவல் வந்தது. தம்பியின் மனைவியும் ஒரு பிள்ளையும் தப்பிவிட்டார்கள். தம்பி இல்லை. மே பன்னிரண்டாம் திகதி, பின்னேரம்.

யேசுரட்ணம் அழவில்லை. ஏரிக்கரையில் எடுத்த அந்தச் சின்னக் கசெற்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதிலை திகதி விழுந்திருக்கு. அவன் செத்த நேரம் நான் உம்மைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். இதை நான் கொண்டுபோகேலாது, தேவன்."

"எறியவும் ஏலாதோ?"

"எறியவும் ஏலாது. நீர் வைச்சிரும்."

அடுத்த நாள் போய்விட்டார். நவம்பரில் ஒருமுறை தொலைபேசி எடுத்து மூன்று நிமிடம் கதைத்தார், அவ்வளவுதான். அந்தப் படமும் வெளிவரவில்லை. தேவகுமாருக்கு முதலில் கோபம் வந்தது. நல்ல கடும் கோபம். தம்பியைப் பறிகொடுத்தவனோடு கோபிக்கிறோமே என்று பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்தது. கடைசியில் இரண்டும் ஓய்ந்து, வீட்டில் ஆள் இல்லை என்ற நினைப்பு மட்டும் மிஞ்சியது.

ஆனால் தொழில் தொழில்தான். ஒரே ஒரு பிரதியாக ஒரு கசெற்றை வைத்திருக்க அவரால் முடியாது. டிவிடியில் ஒரு கொப்பி அடித்தார். அதற்கு என்ன பெயர் எழுதுவது? கலியாணம் என்று எழுதினால் வருகிறவர்கள் எல்லாரும் எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். செத்தவீட்டு டிவிடியை எவரும் தொடமாட்டார்கள். கையில் எடுத்தாலும் தலைப்பைப் பார்த்துவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவார்கள். அவர் செய்கிற வீடியோ எல்லாமே இரண்டு மூன்று பாகமாகத்தான் வரும். அதனால் 'அம்மாவின் நல்லடக்கம் - 2' என்று தன் குண்டுக் கையெழுத்தில் எழுதி, முதலாம் பாகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இருபது வருட அனுபவசாலி. செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போன ஒரு மகள் உலகத்தில் இருக்கிறாள் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

தாயின் முதலாம் ஆண்டு நினைவுக்கு மார்கிரட் கைக்குழந்தையோடு டொரொன்டோவிலிருந்து வந்தாள். வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. முடிந்த பிறகு சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் முன்னறையில் இருந்தார்கள். எல்லாரிலும் மூத்தவர் மேரிகிறேஸ் அக்கா. தேவகுமார் குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். மார்கிரட் அலுமாரியில் இரண்டாம் பாகத்தைக் கண்டாள். தனக்கு முதலாம் பாகம் மட்டும்தான் அனுப்பியிருந்தார் என்று நினைத்தாள். அண்ணா நிற்கிற பாகம் இதுவாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தாள். எல்லாரும் பார்க்கட்டும் என்று போட்டுவிட்டாள்.

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற தேவகுமாருக்குத் தன் குரல் கேட்டது: "கையை எங்கை வைக்கிறது?"

சட்டியில் கிடந்ததை அள்ளிப் போட்டு, அடுப்பை நிறுத்தி, றோல்ஸ் தட்டோடு வாசலுக்கு வர அவருக்குச் சில நிமிடம் பிடித்தது. தொலைக்காட்சியில் அவர் நீலச் சட்டையோடு புல்லில் இருந்தார். சப்பாத்துக்குள் ஒளித்த படத்தின் கதை அப்போதுதான் முடிந்திருந்தது. கமெராவுக்குப் பின்னாலிருந்து யேசுரட்ணத்தின் குரல் கேட்டது.

"எப்ப கலியாணம் எண்டு கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"எனக்கு ஆர் வீடியோ எடுக்கிறது எண்டுவன்."

"நான் எடுக்கிறன். போதுமோ?"

திரையில் இருந்த தேவகுமார் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, கமெராவை நேராகப் பார்த்து, "போதும்" என்றார். ஒரு கை திரைக்குள் வந்து அவருடைய சட்டைக் கழுத்தை நேராக்கியது. கன்னத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் கண்ணை மூடி, முகத்தைத் திருப்பி, அந்த உள்ளங்கையில் முத்தமிட்டார். கமெரா ஆடியது. புல்லில் சரிந்தது. பிறகு இரண்டு சோடிச் சப்பாத்துகளும் ஏரித் தண்ணீரும் மட்டும் கனநேரம் தெரிந்தன.

மார்கிரட்டின் கையில் றிமோட் இருந்தது. அவள் அதை அமத்த மறந்துவிட்டாள்.

மேரிகிறேஸ் அக்காதான் முதலில் வாய் திறந்தார். கெட்டவர் இல்லை அவர். "இது அந்த லண்டன் பெடியன்ரை படமெல்லோ. நடிப்பாக்கும்."

முன்னறையில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. "ஓம், ஓம், நடிப்புத்தான்" என்றார்கள். மார்கிரட்டும் அதைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா நல்லாய் நடிச்சிருக்கிறார். என்னண்ணா?" என்றாள். அவள் கண் அவரைக் கெஞ்சியது.

ஒரு 'ஓம்' போதும். பகிடி விட்டுத் தப்பியே வளர்ந்த மனிதருக்கு அது பெரிய வேலை இல்லை. சபை இருக்கும், கலியாணங்கள் இருக்கும், தங்கை இருப்பாள். ஆனால் அந்த ஒரு பின்னேரம் இல்லாமல் போய்விடும். யேசுரட்ணம் வெட்கத்தோடும் துக்கத்தோடும் அதை மேசையில் விட்டுவிட்டுப் போனார். இப்போது தானும் கைவிட்டால் அதற்கு உலகத்தில் ஒருவரும் இல்லை என்று தேவகுமாருக்குத் தோன்றியது.

"நடிக்கேல்லை, அக்கா," என்றார். "அவரின்ரை பேர் யேசுரட்ணம். எனக்கு அவரிலை விருப்பம். அவருக்கும் என்னிலை இருந்தது."

சொல்லிவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் றோல்ஸ் தட்டை நீட்டினார். மேரிகிறேஸ் அக்கா மட்டும் பதற்றத்தில் ஒன்றை எடுத்தார். மற்றவர்கள் கோட்டுகளைத் தேடினார்கள்.

கலியாண வீடியோ அதோடு போயிற்று. கோடைக்குப் பேசியிருந்த மூன்று கலியாணமும் ஒவ்வொன்றாக, மிகவும் மரியாதையாக, வேறு ஆளுக்குக் கைமாறின. போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். பிறகு சபையில் அவருக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. செத்தவீட்டுக்கு மட்டும் இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். செத்தவருக்குக் கூச்சம் இல்லை என்று நினைக்கிறார்களோ என்னவோ. அவரும் போகிறார். கமெராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, மண் போடுகிற வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்கிறார். கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை என்கிறார்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்றிலிருந்து மார்கிரட் நான்கு நாள் அண்ணனோடு கதைக்கவில்லை. குசினியில் கோப்பைகளைப் போட்டு அடித்துக் கழுவினாள். ஐந்தாம் நாள் காலை, பில்லுண்ட் விமானநிலையத்துக்குப் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாமான் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அவ கேக்கேல்லை. நான் சொல்லேல்லை."

"எனக்கு விளங்கேல்லை அண்ணா. எனக்குப் பிடிக்கவும் இல்லை. பொய் சொல்லமாட்டன்."

"சரி பிள்ளை."

அவள் போகாமல் நின்றாள். "எனக்கு அதிலை ஒரு கொப்பி வேணும்," என்றாள். "நீங்கள் வெளிக்கிடேக்கை எனக்குப் பதினாறு வயசு. உங்கடை அந்தநாள் முகம் எனக்கு மறந்துபோச்சு. அதிலைதான் இருக்கு."

தேவகுமார் திரும்பிப் பார்க்காமல் மெசினில் புது டிவிடியைப் போட்டார். பத்து நிமிடம் பிடித்தது. மார்கிரட் கிட்ட வந்து நின்றாள். பிள்ளை தேவகுமார் போட்டிருந்த நீலச் சட்டையின் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. டிவிடி வெளியில் வந்ததும் அவர் எழுதப் பேனாவை எடுத்தார்.

"பழைய பேரையே எழுதுங்கோ அண்ணா," என்றாள் மார்கிரட் மெதுவாக. "அம்மான்ரை செத்தவீடு எண்டால் என்ரை மனுசன் எடுத்துப் பாக்கமாட்டார்."

தேவகுமார் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு குனிந்து, கலியாண டிவிடிகளில் மாப்பிள்ளை பொம்பிளை பெயரை எழுதும் அதே குண்டுக் கையெழுத்தில், 'தேவகுமார் - யேசுரட்ணம், 12.05.2009' என்று எழுதி நீட்டினார்.

மார்கிரட் வாங்கி வாசித்தாள். மை காயவில்லை. அவள் வாயால் ஊதிக் காயவைத்து, பெட்டிக்குள் வைக்காமல், பாஸ்போர்ட் வைத்திருந்த கைப்பைக்குள் வைத்தாள்.